எடுத்துச் சொன்னபோது விட்டுப்போன கிணறு

போன வாரம் கமலா குழந்தையைப் பார்க்க வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையும் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கி வந்திருந்தாள். வெகுநேரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, தூங்கிப்போன குழந்தையை என்னிடம் கொடுத்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, மறுபடியும் பேச்சைக் கேட்டு எழுதச் சொல்லி காகிதம் வந்திருக்கு. நீ இருந்தப்போ செஞ்சியாமே. நல்லாச் செஞ்சேன்னு ஆச்சாரி சார் சொன்னாரு. எப்படிச் செய்யறதுன்னு சொல்லேன்."

குழந்தை அழுகிறது, அப்புறம் பேசலாம் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். குழந்தை அழவில்லை என்பது கமலாவுக்கும் தெரியும்.

எனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. இந்த வயதில் "நான் வேலை பார்த்த காலத்தில்" என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் ராஜினாமா கொடுத்தாயிற்று, மாலை போட்டு மிக்சர் கொடுத்து அனுப்பியும் விட்டார்கள். ஓய்வு ஓய்வுதான். குழந்தை தூங்குகிற நேரங்களில் கமலாவுக்காக இதை எழுதுகிறேன். அவளைப் போல் இன்னும் வரப்போகிற பெண்களுக்காகவும்.

என் ஊர் புத்தூர் பக்கம். நைனா நெல்லும் கடலையும் போடுகிறவர். ஊர்த் தமிழ்ப் பள்ளியில் படித்து, திருப்பதியில் சித்தி வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தமிழும் தெலுங்கும் தடங்கலில்லாமல் பேசுகிற பெண்கள், வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டுக்கு வேண்டியிருந்தது. பயிற்சி சென்னையில். அதில் நினைவிருப்பது ஹெட்செட் அழுத்தி வலித்த காதும், கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழியும்தான். மற்றதெல்லாம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு கற்றுக்கொண்டது.

வேலை இதுதான். எக்ஸ்சேஞ்சின் முன்பக்கத்தில் பொது டெலிபோன் கூண்டு. வெளியூருக்குப் பேச வருகிறவர்கள் அங்கே வந்து பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். சுவருக்குப் பின்னால் நாங்கள். எங்களை அவர்கள் பார்க்க முடியாது. எங்கள் குரல்தான் தெரியும். லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் போர்டுத் துளைகளில் கயிறு செருகி இணைத்து, கேட்கிற விசையைத் திறந்து, இருவரும் பேசுகிறார்களா என்று பார்த்து, விசையை மூடிவிட வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் சொல்ல வேண்டும். அதற்கு மேல் போனால் இன்னொரு மூன்று நிமிஷத்துக்குக் கட்டணம்.

மழைக்காலத்தில் லைன் கெட்டுப்போகும். சித்தூர் தாண்டி பலமனேருக்குப் போகிற லைன் மிகவும் மோசம். ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. ஆனால் நடுவில் இருக்கிற எங்களுக்கு இரண்டும் கேட்கும். அப்போது நாங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். இவர் சொன்னதை அவருக்கு, அவர் சொன்னதை இவருக்கு. அதற்கு ஒரு விதி உண்டு. "அவர் வருவதாகச் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. "நான் வருகிறேன்" என்றே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் குழப்பம் வராது, நேரமும் மிச்சம்.

இதனால் சிரிப்புக்குக் குறைவில்லை. வரதய்யபாளையத்துக்காரர் ஒருவர் அடிக்கடி வருவார், பெயர் முனிரத்தினம். கிணறு வெட்டுகிற இடத்தில் பாறை குறுக்கிட்டால் குழி போட்டுத் தோட்டா வெடி வைத்து உடைத்துக் கொடுக்கிற தொழில். அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், பலமனேரில் ஒரு கல்குவாரியில் வேலை. முதல் தடவை அவருக்காக நான் எடுத்துச் சொன்னது இது: "டேய் மச்சான், உன் தங்கச்சி உன்னைப் பாக்கணும்னு ஒரே அழுவை. பொங்கலுக்கு வராம இருந்தே, அவளைக் கொண்டாந்து உன் வூட்லயே வுட்டுட்டுப் போயிடுவேன்." பக்கத்து நாற்காலிப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். பலமனேர் ஆள் பதில் சொன்னார்: "யாரு தாயி நீ? எங்க மாமனுக்கு எப்ப கொரல் இவ்ளோ நல்லா ஆச்சி?" அதையும் நான் முனிரத்தினத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

விதியில் இல்லாத இன்னொரு பழக்கமும் எங்களுக்கு இருந்தது. எடுத்துச் சொல்லும்போது சுருக்கிவிடுவோம். கிராமத்து ஜனங்கள் ஒரு விஷயத்தைச் சொல்ல நான்கு காரணம் சொல்வார்கள். அத்தனையும் இரண்டு தடவை பேசப்பட்டால் மூன்று நிமிஷம் எங்கே போதும்? அதனால் காரணங்களை வெட்டிவிட்டு விஷயத்தை மட்டும் அனுப்புவோம். அது அவர்களுக்குச் செய்கிற உதவி என்று நினைத்தோம். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். "சுருக்கா முடிச்சுக் குடுத்தே, நல்லா இரு" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் நான்தான் கெட்டிக்காரி என்று பெயர்.

எங்கள் சூப்பர்வைசர் ராகவாச்சாரி. திருப்பதிக்காரர், உறவினர்கள் பாதிப் பேர் கோயில் சேவையில். எல்லோருக்கும் ஆச்சாரி சார். காலையில் வந்ததும் ஒவ்வொரு ஹெட்செட்டையும் ஈரத்துணியால் துடைத்து, தன் காதில் வைத்துப் பார்த்து, எங்கள் முன்னால் வைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பின்னால் வந்து நிற்பதற்கு முன் தொண்டையைக் கனைப்பார், நாங்கள் திடுக்கிடக்கூடாது என்பதற்காக. எதையும் எழுத்தில்தான் செய்வார். ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னாலும் "காகிதம் இருக்கா?" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் தன் விதியை ஒருநாளும் மீறவில்லை.

எல்லைத் தகராறு சூடாக இருந்த காலம் அது. எந்த ஊர் மதராசுக்கு, எந்த ஊர் ஆந்திராவுக்கு என்று இரண்டு பக்கமும் ஊர்வலம், கடையடைப்பு, ரயில் மறியல். நான் பிறந்த பகுதி ஆனதால் எனக்கும் அதில் ஆசைகள் இருந்தன. ஆபீசில் வாயைத் திறந்ததில்லை. பெரும்பாலானவர்கள் கொடி பிடித்துக் கத்திவிட்டு வீட்டுக்குப் போனவர்கள். ஆனால் ஒருநாள் காலையில் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டி யாரோ வெடி வைத்திருந்தார்கள். பாதையைச் சோதித்துக்கொண்டே வந்த கேங்மேன் அது என்னவென்று எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருடைய வலது கையில் விரல்கள் போய்விட்டன.

என் கணவர் ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டு. அரக்கோணம் போகிற கூட்ஸ் வண்டியில் கடைசிப் பெட்டியில் நிற்பவர். அந்த கேங்மேன் கொடி காட்டினால் பதிலுக்குக் கொடி காட்டுவார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன், மூன்றாம் மாதம். அவர் வேலைக்குப் போன பிறகு ரயில் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு அது முழுக்கப் போய்முடிகிறவரை நின்றுகொண்டிருப்பேன்.

இதை எழுதுவது சாக்குச் சொல்ல இல்லை. பயம் நிஜமானது என்று கமலாவுக்குத் தெரிய வேண்டும். வெடியும் நிஜம், அந்த விரல்களும் நிஜம்.

கொஞ்ச நாளில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். உடுப்பில்லை, வேட்டியும் முழுக்கைச் சட்டையும். எல்லைப் பக்கத்து ஆட்கள் பேசுகிற டிரங்க் கால்களில் வெடி, தண்டவாளம், தந்திக்கம்பி பற்றிப் பேச்சு வந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். ஆச்சாரி சார் எழுந்து நின்று, மெதுவாக, "எழுத்துல குடுங்கோ" என்றார். இன்ஸ்பெக்டர் போய்விட்டார். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. சில நாள் கழித்து எழுத்தில், முத்திரையோடு வந்தது. ஆச்சாரி சார் இரண்டு முறை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வந்துடுத்து. இனிமே நம்ம பொறுப்பு இல்லை. கேளுங்கோ."

கேட்பதற்கு என்னைத்தான் போட்டார். தமிழும் தெலுங்கும் சரளம், நம்பகமான பெண், கணவர் ரயில்வே. நான் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். ரயில் சத்தம் கேட்டு வெறுமனே நிற்பதற்குப் பதிலாக ஏதோ செய்கிறேன் என்றிருந்தது.

அதுவரை திறந்து மூடிய விசையை அதற்குப் பிறகு மூடவில்லை. வெடியைப் பற்றி யாரும் பேசவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஏன் பதில் போடவில்லை என்று பேசினார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற அம்மாவுக்கு நினைவு வந்ததா என்று கேட்டார்கள். ஒருத்தன் தன் மனைவியிடம், பேச ஒன்றும் இல்லாமல், மூன்று நிமிஷமும் "அப்புறம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் கீரை விற்கிற அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு, "நீ டிரங்க்ல கீறியாமே, எங்க மருமவ அவங்க ஆத்தாகிட்ட என்னப்பத்தி இன்னா சொன்னா?" என்று கேட்டாள். "நாங்க கேக்கறதில்லம்மா" என்றேன். "அப்போ காது எதுக்கு?" என்றாள். அவள் மருமகள் சொன்னது எனக்குத் தெரியும். அன்று அவளிடம் கீரை பேரம் பேச முடியாமல், சொன்ன விலைக்கு வாங்கி வந்தேன்.

பிறகு முனிரத்தினம் வந்தார். மழை பிடித்துக்கொள்வதற்கு முன்னால், லைன் மட்டும் கெட்டுப்போயிருந்த ஒரு மத்தியானம்.

"தாயி, பலமனேர கொஞ்சம் எழுப்பி வுடு. மச்சானுக்கு நான் கத்துறது கேக்கலன்னா நீயே சொல்லிடு."

கேட்கவில்லை. நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் சொன்னதை இப்போது முழுக்க எழுதுகிறேன். அன்று எழுதியிருக்க வேண்டியது.

"மச்சான், எங்க ஊரு சின்னப்பன் கெணறு பாறைல நின்னுப்போச்சி. குழி போட்டு வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன், தோட்டா இல்ல. என் லைசென்சு முடிஞ்சிப்போச்சி. அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனா, உங்க ஊரு ஆந்திராவுக்குப் போவுது, அங்க போய்க் கேளுன்றான். இந்தப் பக்கம் வந்தா, இன்னும் எங்க கைக்கு வர்ல, அங்கயே கேளுன்றான். நான் எங்க போவேன்? மழை வந்துச்சின்னா பக்கமெல்லாம் சரிஞ்சி கெணறு மூடிக்கும். சின்னப்பன் பொண்டாட்டி தாலியக்கூட வித்து வெட்டுன கெணறுடா. உன் குவாரில ஒரு பெட்டி தோட்டா குடு. ரயில் பார்சல்ல எடுக்கமாட்டான். காய்கறி லாரில மூட்டைக்கு அடில வெச்சி அனுப்பி வுடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வர்ணும். லைசென்சு இல்லாம பண்றோம், யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

நான் பலமனேருக்குச் சொன்னது இது:

"எனக்கு ஒரு பெட்டி தோட்டா வேணும். ரயில்ல வேணாம். காய்கறி லாரில மூட்டைக்கு அடியில வெச்சு அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். யார்கிட்டயும் சொல்லாதே."

மூன்று நிமிஷத்துக்குள் முடிந்தது. முனிரத்தினம், "நல்லா இரு தாயி" என்றார்.

விசையை மூடிய கையோடு எழுதினேன். எங்கள் வேலையில் ஒரு விஷயம் உண்டு. டிரங்க் போர்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். காதில் விழுந்தது தங்காது. ஒரு நாளில் எத்தனை பேருடைய பேச்சு. தங்கினால் பைத்தியம் பிடித்துவிடும். வாயால் சொன்னதுதான் தங்கும். முனிரத்தினம் பேசியதை எழுதுவதாக நினைத்துக்கொண்டு, நான் பேசியதை எழுதினேன். காகிதத்தில் கிணறு இல்லை. லைசென்ஸ் இல்லை. மழை இல்லை. ஒரு பெட்டி தோட்டா இருந்தது, ரயில் என்ற வார்த்தை இருந்தது, மறைத்து அனுப்புவது இருந்தது, வெள்ளிக்கிழமை இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் ரயில் மறியல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சாரி சார் படித்துவிட்டு, "பேஷ். சுருக்கமா இருக்கு" என்றார்.

லாரியை மடக்கிப் பெட்டியை எடுத்தார்கள். முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, கோர்ட்டு இல்லை. விசாரணை இல்லாமலே காவலில் வைக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது, அதில் வைத்தார்கள். நான் அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். கணவரிடம் காரணம் சொல்லவில்லை, உறுதிமொழி இருக்கிறதே. "இன்னா விசேஷம்?" என்றார். "சும்மாத்தான்" என்றேன். இப்போது வீட்டில் பாயசத்துக்குச் சேமியாவை எடுத்தாலே எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்து, திரும்பி வைத்துவிடுகிறேன்.

சில வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஆச்சாரி சாருடைய அறையில் என்னை உட்காரச் சொன்னார். நான் வாயும் வயிறுமாக இருந்ததால் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். நல்ல மனிதர். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஒண்ணும் இல்லம்மா. அந்த ஆளு, இது என் பேச்சே இல்லைன்னு சாதிக்கறான். தோட்டா கேட்டது நிஜம்னு ஒத்துக்கறான். ஆனா நான் இப்படிப் பேசவே இல்லைன்றான். படிக்கறேன், சரியான்னு சொல்லுங்க."

படித்தார். ஒரு பெட்டி தோட்டா வேணும், ரயில்ல வேணாம். படிக்கப் படிக்க என் குரல் எனக்குக் கேட்டது. முனிரத்தினம் பொய் சொல்லவில்லை. அவர் அப்படிப் பேசவே இல்லை. அப்படிப் பேசினவள் நான்.

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கண்ணை மூடி உட்கார்ந்து, காதில் விழுந்ததையெல்லாம் தேடினேன். சின்னப்பன் கிணறு வந்தது. இரண்டு ஆபீசும் வந்தன. தாலி வந்தது. எல்லாவற்றையும் எழுதி மறுநாள் கொண்டுபோனேன். ஆச்சாரி சார் படித்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார்.

"தோட்டா கேட்டாரா, இல்லையா?"

"கேட்டாரு சார்."

"மறைச்சு அனுப்பச் சொன்னாரா?"

"சொன்னாரு. லைசென்ஸ் இல்லாததால."

"சரி. கிணத்துக்குன்னு வந்த தோட்டா தண்டவாளத்துல வெடிக்காதாம்மா? ஒரு பெட்டில பாதி கிணத்துக்குப் போய், மீதி வேற யார் கைக்காவது போனா? அந்த கேங்மேனுக்கு விரல் போச்சே, அந்த வெடியும் ஏதோ ஒரு கிணத்துக்குன்னு வாங்கினதா இருக்கலாம்."

அப்படியும் இருக்கலாமோ என்று எனக்கு இன்றும் தெரியாது.

"உங்க வீட்டுக்காரர் அந்த லைன்லதானே போறார்?" என்றார். மிரட்டல் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். பிறகு காகிதத்தை மேஜைமேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"இதைக் குடுத்தா வாங்கிக்குவேன். ஃபைல்ல போகும், பெரியவங்க பார்ப்பாங்க. முதல்ல எழுதினது தப்பான்னு உங்களைக் கேப்பாங்க. நீங்க இருக்கிற நிலைமையில அலையணும். இல்லை, முதல் காகிதமே போதும்னா, இதை எடுத்துக்கினு போங்க. உங்க இஷ்டம்."

நான் ஆச்சாரி சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு அவரிடம் காகிதம் இல்லை.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் சுருக்கி எழுதியதை நினைத்தால் வருத்தம்தான். அது வேலைப் பழக்கம், யாருக்கும் நேரும். இரண்டாவது காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேனே, அதை நினைத்தால்தான் தலை நிமிரவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, வேலை போகும் என்றுகூடச் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றார்கள்.

அவர் உள்ளே இருந்த மாதங்களில் தண்டவாளத்தில் எதுவும் வெடிக்கவில்லை. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்வேன். அவர் வெளியே வந்த பிறகும் எதுவும் வெடிக்கவில்லை.

எல்லைக்கோடு முடிவாகி, வரதய்யபாளையம் ஆந்திரப் பக்கம் என்று ஆன பிறகு அவரை விட்டார்கள். நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய சமயம். ஒருநாள் கூண்டிலிருந்து குரல் வந்தது.

"தாயி, பலமனேர எழுப்பி வுடு."

கயிற்றைத் தப்பான துளையில் செருகிவிட்டு, எடுத்து மாற்றினேன். லைன் வரும்வரை கூண்டில் இருப்பவரிடம் பேசக்கூடாது. ஆனால் அவர் பேசினார்.

"நீதானே அன்னைக்கி எடுத்துச் சொன்னே? கொரல் தெரியுது. உன்ன யாரும் வந்து கேக்கலியா தாயி? நான் சொல்லிக்கினே இருந்தேன், காவல்ல வெச்சது செரியான்னு பெரிய மனுசங்க மூணு பேரு ஒக்காந்து கேட்டாங்களே, அவங்ககிட்டகூட. வக்கீல் வெச்சிக்கக் கூடாதுன்னுட்டாங்க. எனக்கு வக்கீல் வாணாம், அந்த ஆப்பரேட்டர் பொண்ணக் கேளுங்க, கெணத்தப்பத்தி நான் சொன்னதெல்லாம் அது கேட்டுச்சின்னேன். ஆப்பரேட்டருங்க பேச்சக் கேக்கமாட்டாங்க, சட்டம் கீதுன்னுட்டாங்க. கேக்காம எப்டி எடுத்துச் சொல்லும்னு நான் கேட்டேன். சிரிச்சாங்க."

பலமனேருக்கு மறுபடியும் மணி அடித்தேன்.

"சின்னப்பன் கெணறு மூடிக்கிச்சி. அவன் மெட்ராசுக்கு மூட்டை தூக்கப் போய்ட்டான். அத்த வுடு. எங்க மச்சான்தான் போலீசுக்குச் சொல்லிட்டான்னு என் பொண்டாட்டி நெனைக்கிறா. தோட்டா விசயம் தெரிஞ்சது எனக்கும் அவனுக்கும்தானே? அவன மட்டும் விசாரிச்சிட்டு வுட்டுட்டாங்க. அவன் மூஞ்சில முழிக்கமாட்டேன்றா. கூடப் பொறந்தவன். நான் அவளுக்குத் தெரியாம வந்து அவன்கிட்ட பேசறேன். அதான் கேட்டேன், உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

பலமனேர் கிடைத்தது.

"லைன் இருக்கு, பேசுங்க" என்றேன்.

விசையை மூடினேன். அன்று லைன் நன்றாக இருந்தது. எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதமே ராஜினாமா கொடுத்தேன். குழந்தைக்காக என்று எழுதினேன், எல்லோரும் நம்பினார்கள். வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னேன். உறுதிமொழியை அன்றுதான் முதல் தடவை மீறினேன். கணவர் வெகுநேரம் கொடியைச் சுருட்டிப் பிரித்து, சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போற லைன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"என் பேரைச் சொல்லாத" என்றார். "எனக்காகப் பயந்து நீ எழுதினே, சரி. அதுல தப்பு இல்ல. ஆனா அந்த ரெண்டாவது காகிதத்தக் குடுத்திருந்தா நான் செத்தா போயிருப்பேன்?"

நேற்று கமலா மறுபடியும் வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணை வந்தால் கேட்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லாமல் இருக்கலாம். மறுக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. நான் மறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் எழுதினால் காரணங்களையும் எழுது. யாருடைய காசு போனாலும் போகட்டும், மூன்று நிமிஷத்தைப் பார்க்காதே என்றேன். தலையாட்டினாள். முனிரத்தினம் இப்போதும் வந்து பேசுகிறார் என்றாள். அவர் மனைவி அண்ணனோடு இன்னும் பேசவில்லையாம்.

"அப்போ அவருகிட்ட நீ எனக்காக ஒண்ணு சொல்லிடேன்" என்றேன். "மச்சான் காட்டிக்குடுக்கல, ஆப்பரேட்டர்தான் எழுதிக் குடுத்தா, அப்புறம் கேட்டப்போ வாயத் திறக்கலன்னு."

கமலா கொஞ்சம் யோசித்தாள். "எடுத்துச் சொல்லணும்னா விதிப்படி 'நான் எழுதிக் குடுத்தேன், நான் வாயத் திறக்கல'ன்னு தானேக்கா சொல்லணும்? அவரு நான்னு நெனச்சுக்குவாரே" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு ஓய்வு நாள். வரதய்யபாளையத்துக்கு பஸ்ஸில் போகலாம் என்றிருக்கிறோம். உறுதிமொழியை மீறினதற்கு அவருடைய வேலைக்கு ஏதாவது வருமோ என்று பயமாக இருக்கிறது. குழந்தைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதே, அடுத்த வாரம் போகலாமே என்று நேற்றுக்கூட ஆரம்பித்தேன். "துணி சுத்திக்கினு வா" என்றுமட்டும் சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

முனிரத்தினத்திடமும் அவர் மனைவியிடமும் என்ன சொல்வது என்று இன்று மத்தியானம் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, சமையலறையில் நின்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். தடங்கலில்லாமல் வந்தது. மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதையெல்லாம் வெட்டிவிட்டேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.